நீல ஒளியில் சிஸ்டீனை அலனினாக மாற்றுவது: பெப்டைடு லேபில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு

தமிழ்நாட்டில் எம்.எஸ்சி. வேதியியல் முடித்துவிட்டு பெங்களூரு வருகிறவர்களில் பலர் இப்போது பெப்டைடு (அமினோ அமிலச் சங்கிலி) வேலையில்தான் சேர்கிறார்கள். பொம்மசந்திரா பக்கத்துக் கம்பெனியாக இருந்தாலும் சரி, ஐ.ஐ.எஸ்சி., என்.சி.பி.எஸ். மாதிரி ஆராய்ச்சி நிறுவனமாக இருந்தாலும் சரி, என்றைக்காவது ஒருநாள் யாராவது வந்து "இதை ப்ளூ லைட்டில் போட்டுப் பாருங்களேன்" என்று சொல்வார்கள். கல்லூரியில் ஒளிவேதியியல் என்றால் ஜப்லான்ஸ்கி வரைபடத்தை (மூலக்கூறின் ஆற்றல் நிலைகளைக் காட்டும் படம்) போர்டில் போட்டதோடு முடிந்திருக்கும், விளக்கை எவ்வளவு தூரத்தில் வைப்பது, குப்பி எவ்வளவு பருமனாக இருக்கலாம், வேலை நடந்ததா இல்லையா என்று எதை வைத்துச் சொல்வது என்பதெல்லாம் அங்கே வந்திருக்காது. அந்த இடைவெளிக்காகத்தான் இது.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், கீழே வரும் எல்லாம் அதைச் சுற்றித்தான். இந்த வேலையில் ஒளியும் ஒரு ரீஏஜென்ட். எவ்வளவு கிராம் பெப்டைடு போட்டீர்கள் என்று நோட்டில் எழுதுவது போல, என்ன அலைநீளம், எவ்வளவு ஒளி, எத்தனை நிமிடம், என்ன வெப்பநிலை என்பதையும் எழுத முடிய வேண்டும். "எல்.இ.டி. ஆன் செய்தேன், ஓவர்நைட்" என்று எழுதினால் அடுத்த மாதம் நீங்களே கூட அதைத் திரும்பச் செய்ய முடியாது.

எதற்காக இந்த ரியாக்‌ஷன்

மெரிஃபீல்ட் 1963இல் கொண்டுவந்த திண்ம நிலைத் தொகுப்பில் ஒவ்வொரு அமினோ அமிலமாகச் சேர்த்துக்கொண்டே போகலாம், ஆனால் ஏறக்குறைய 50 அமினோ அமிலங்களைத் தாண்டினால் விளைச்சலும் தூய்மையும் கையை விட்டுப் போகத் தொடங்கும். ஆகவே பெரிய புரதம் வேண்டுமென்றால் துண்டு துண்டாகச் செய்து ஒட்ட வேண்டும். அதற்கான நல்ல வழியை 1994இல் ஸ்டீபன் கென்ட் குழு காட்டியது. ஒரு துண்டின் முடிவில் தயோஎஸ்டர் (கந்தகம் உள்ள எஸ்டர்), அடுத்த துண்டின் தொடக்கத்தில் சிஸ்டீன், இரண்டையும் நீரில் சேர்த்தால் அவையே பெப்டைடு பிணைப்பாகிவிடும்.

சிக்கல் என்னவென்றால் புரதங்களில் சிஸ்டீன் அபூர்வம், வேண்டிய இடத்தில் இருக்காது. அலனின் தாராளமாக இருக்கும். இரண்டுக்கும் வித்தியாசம் ஒரே ஒரு கந்தக அணு. ஆகவே அலனின் இருக்க வேண்டிய இடத்தில் சிஸ்டீனை வைத்து ஒட்டிவிட்டு, பிறகு கந்தகத்தை மட்டும் எடுத்துவிடலாம். டேனிஷெஃப்ஸ்கி குழு 2007இல் இதை உலோகம் இல்லாமல், வி.ஏ-044 என்ற தொடக்கி, டி.சி.இ.பி. என்ற பாஸ்பீன், ஒரு தயால் (கந்தக–ஹைட்ரஜன் தொகுதி உள்ள சேர்மம்), இவற்றை வைத்துச் செய்தது, இன்றும் பெரும்பாலான லேப்களில் ஓடுவது அதுதான். வி.ஏ-044 சூட்டில் சிதைந்து ரேடிக்கலை (இணையில்லாத எலெக்ட்ரான் உள்ள துகள்) தருகிறது. அந்த வேலையை ஒளியிடம் கொடுப்பதுதான் நாம் செய்யப்போவது. சூடுபடுத்த வேண்டாம், விளக்கை அணைத்தால் புது ரேடிக்கல் உருவாவது நிற்கும், தொடக்கி விட்டுச்செல்லும் குப்பைகளும் இருக்காது. சூடு தாங்காத சர்க்கரை ஒட்டிய பெப்டைடுகளுக்கு இது பெரிய நிம்மதி. அதே நேரம், உங்கள் பெப்டைடு 37 டிகிரியில் வி.ஏ-044 உடன் ஒழுங்காகப் போகிறதென்றால் ஒளிக்காக அதை விட வேண்டிய அவசியம் இல்லை என்பதும் என் கருத்து.

உள்ளே நடப்பது இதுதான். நம் வினையூக்கியான ருத்தேனியம் ட்ரிஸ்பைபிரிடின் (இனி சுருக்கமாக ருத்தேனியம்) 452 நானோமீட்டரில் ஒளியை விழுங்கி, தூண்டப்பட்ட நிலைக்குப் போகிறது; நீரில், ஆக்சிஜன் இல்லாதபோது அந்த நிலையில் அது இருப்பது சுமார் 0.6 மைக்ரோவினாடிதான். அதற்குள் தயாலிடமிருந்து ஒரு எலெக்ட்ரானைப் பிடுங்கினால் கந்தக ரேடிக்கல் பிறக்கிறது. அது டி.சி.இ.பி.யின் பாஸ்பரஸில் போய் உட்காரும், கார்பன்–கந்தகப் பிணைப்பு அறுந்து கந்தகம் பாஸ்பரஸோடு போய்விடும், மீதியுள்ள கார்பன் ரேடிக்கல் இன்னொரு தயாலிடமிருந்து ஹைட்ரஜனை வாங்கி அலனினாகும். ஹைட்ரஜன் கொடுத்த தயால் புது ரேடிக்கலாகிச் சங்கிலி தொடரும். 450 நானோமீட்டர் ஒளியின் ஆற்றல் ஒரு மோலுக்குச் சுமார் 266 கிலோஜூல், கந்தக–ஹைட்ரஜன் பிணைப்புக்கு அதைவிட அதிகம் வேண்டும், போதாததற்குப் பெப்டைடு அந்த ஒளியை உறிஞ்சுவதே இல்லை. அதனால் வினையூக்கி இல்லாமல் நீல ஒளி மட்டும் அடித்தால் ஒன்றும் நடக்கக் கூடாது. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், கட்டுப்பாட்டுச் சோதனைக்கு உதவும்.

பெட்டி கட்டுவது

லேபில் கெசில் மாதிரி ஒளிவினை விளக்கு இருந்தால் அதையே எடுங்கள், அலைநீளம் தெளிவாக எழுதியிருக்கும். இல்லையென்றால் பெங்களூரில் எலெக்ட்ரானிக்ஸ் கடைகள் இருக்கும் எஸ்.பி. ரோட்டுக்கு ஒரு நடை போனால் போதும்: நீல எல்.இ.டி. ஸ்ட்ரிப், 12 வோல்ட் அடாப்டர், கம்ப்யூட்டர் ஃபேன் எல்லாம் ஒரே தெருவில் கிடைக்கும். வாயகன்ற எவர்சில்வர் டப்பா ஒன்றின் உட்சுவரில் ஸ்ட்ரிப்பைச் சுற்றி ஒட்டி, அடியில் ஓட்டை போட்டு ஃபேனை வைத்து, நடுவில் குப்பிகள் நிற்க ஒரு தாங்கி. கடைக்காரர் "ப்ளூ" என்று மட்டும்தான் சொல்வார், எத்தனை நானோமீட்டர் என்று அவருக்குத் தெரியாது. பக்கத்து லேபில் ஃபைபர் ஸ்பெக்ட்ரோமீட்டர் இருக்கிறதா என்று விசாரித்து ஒருமுறை ஸ்பெக்ட்ரத்தை எடுத்துவிடுங்கள். ஒளி அளக்கும் கருவி வைத்திருக்கும் இயற்பியல்காரர்களுக்கு இந்த ஊரில் பஞ்சமே இல்லை, கேட்டால் கொடுப்பார்கள்.

வினையூக்கியும் விளக்கும் பொருந்த வேண்டும். ருத்தேனியத்துக்கும் ஃபிளேவின் வகைகளுக்கும் நீலம். இயோசின் ஒய் 520ஐ ஒட்டி உறிஞ்சும், ரோஸ் பெங்கால் 550ஐ ஒட்டி, ஆகவே இரண்டுக்கும் பச்சை. இயோசின் மலிவு என்று எடுத்துவிட்டு நீல விளக்கில் வைத்துக் காத்திருக்காதீர்கள். புதியவர்களுக்கு நான் ருத்தேனியத்தைத்தான் சொல்வேன்: நீரில் கரையும், லேசில் வெளுக்காது. ரோஸ் பெங்கால் ஆக்சிஜனைக் கண்டால் ஒற்றை ஆக்சிஜனை (தூண்டப்பட்ட, தீவிரமாக வினைபுரியும் ஆக்சிஜன்) ஏராளமாக உண்டாக்கும், அது மெத்தியோனின், டிரிப்டோஃபான், ஹிஸ்டிடின் எதையும் விட்டுவைக்காது.

சாதாரண போரோசிலிகேட் கண்ணாடிக் குப்பி போதும், குவார்ட்ஸ் தேவையில்லை. கண்ணுக்குத் தெரியும் ஒளியில் வேலை செய்வதன் வசதி அது. ஆனால் கண்ணில் கவனம்: நீல எல்.இ.டி.யை நேராகப் பார்த்தால் விழித்திரைக்கு ஆபத்து, ஆரஞ்சு நிறக் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், டப்பாவையும் மூடி வையுங்கள்.

வெப்பநிலையைச் சாதாரணமாக விட்டுவிடாதீர்கள். ஃபேன் இல்லாத டப்பாவில் குப்பி கையில் சுடும் அளவுக்குப் போய்விடும், அப்புறம் வேலை செய்தது ஒளியா சூடா என்று சொல்ல முடியாது. ஏ.சி. இல்லாத அறையில் டிசம்பர் இரவும் ஏப்ரல் மதியமும் ஒன்றல்ல. தண்ணீர் நிரப்பிய ஒரு குப்பிக்குள் தெர்மாமீட்டரை வைத்து, விளக்கு எரிந்து அரை மணி நேரம் கழித்து அளந்து எழுதுங்கள். விளக்கையும் ஃபேனையும் யு.பி.எஸ்.ஸில் இணைப்பது நல்லது, கரண்ட் போய் வந்தால் உங்கள் கடிகாரம் ஓடியிருக்கும், ஒளி ஓடியிருக்காது.

ஒளியை அளப்பது

லக்ஸ் மீட்டரையும் மொபைல் ஆப்பையும் நம்ப வேண்டாம். லக்ஸ் என்பது மனிதக் கண்ணுக்கு ஏற்ப, 555 நானோமீட்டர் பச்சையை மையமாக வைத்து எடை போட்ட அலகு, நீலத்தை அது குறைவாகவே காட்டும். வேதியியல்காரர்களுக்குப் பழைய, நம்பகமான வழி பொட்டாசியம் ஃபெர்ரிஆக்சலேட். ஒளி பட்டால் இரும்பு மூன்றிலிருந்து இரண்டாகக் குறையும், நீலப் பகுதியில் அதன் குவாண்டம் விளைச்சல் (உறிஞ்சிய ஒரு ஃபோட்டானுக்கு எத்தனை இரும்பு மாறுகிறது என்ற எண்) 1க்கு அருகில். சிவப்பு விளக்கு மட்டும் எரியும் அறையில் 0.15 மோலார் கரைசலை நீர்த்த கந்தக அமிலத்தில் தயாரித்து, ரியாக்‌ஷனுக்கு வைக்கும் அதே குப்பியில், அதே இடத்தில், அதே அளவு ஊற்றி, சில வினாடிகள் மட்டும் ஒளியில் வையுங்கள். அதிலிருந்து கொஞ்சம் எடுத்து பினாந்த்ரோலினும் (இரும்பு இரண்டோடு சேர்ந்து சிவக்கும்) அசிடேட் பஃபரும் சேர்த்து, இருட்டில் ஒரு மணி நேரம் விட்டு 510 நானோமீட்டரில் படியுங்கள். ஒரு சென்டிமீட்டர் குவெட்டில் 0.555 வந்தால், மோலார் உறிஞ்சுதிறன் 11,100 என்பதால், அளந்த கரைசலில் 50 மைக்ரோமோலார் இரும்பு இருக்கிறது. நீர்த்தலைத் திருப்பிக் கணக்கிட்டு, நேரத்தால் வகுத்தால் வினாடிக்கு எத்தனை ஃபோட்டான் என்று வந்துவிடும். 450க்கு மேல் கரைசல் எல்லா ஒளியையும் உறிஞ்சாது, ஆகவே முழுத் துல்லியம் வேண்டுமானால் கடந்துபோகும் பங்கையும் திருத்த வேண்டும். போன மாதத்துப் பெட்டியும் இந்த மாதத்துப் பெட்டியும் ஒன்றா என்று பார்ப்பதற்குத் திருத்தாத எண்ணே போதும். தாங்கியில் ஒவ்வொரு இடத்துக்கும் தனியாக அளங்கள், நடுவும் ஓரமும் ஒரே மாதிரி இருக்காது.

முதல் ஓட்டம்: குளுட்டாதயோனில்

உங்கள் அருமையான 60 அமினோ அமிலத் துண்டை முதல் நாளே உள்ளே போடாதீர்கள். குளுட்டாதயோன் மலிவு, எல்லா லேபிலும் இருக்கும், ஒரே ஒரு தயால். கீழே சொல்லும் அளவுகள் தொடக்கப் புள்ளிதான், உங்கள் பெட்டிக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளலாம்.

10 மில்லிக்குக் கணக்கு: குளுட்டாதயோன் 15.4 மில்லிகிராம் (5 மில்லிமோலார்), டி.சி.இ.பி. ஹைட்ரோகுளோரைடு 143 மில்லிகிராம் (50 மில்லிமோலார்), ருத்தேனியம் 0.1 மில்லிமோலார். கடைசியது 0.75 மில்லிகிராம்தான் வரும், அதைத் தராசில் எடுக்க முயற்சிக்காமல், ஆறு நீர் மூலக்கூறு உள்ள குளோரைடு உப்பை 7.5 மில்லிகிராம் 10 மில்லி நீரில் கரைத்து, அதில் ஒரு மில்லி எடுங்கள்.

வரிசை முக்கியம். 0.2 மோலார் பாஸ்பேட் பஃபரில் முதலில் டி.சி.இ.பி.யைக் கரைத்து பி.எச். பாருங்கள், அது கடும் அமில உப்பு, பஃபரையே கீழே இழுத்துவிடும். சோடியம் ஹைட்ராக்சைடு சொட்டுச் சொட்டாக விட்டு 7க்குக் கொண்டுவந்த பிறகு குளுட்டாதயோன், கடைசியில், விளக்கை மங்கலாக வைத்துக்கொண்டு, ருத்தேனியம். டி.சி.இ.பி. நடுநிலை பாஸ்பேட்டில் நாள்பட நிற்காது, அன்றன்றைக்குத் தயாரியுங்கள்.

அடுத்து ஆக்சிஜன். காற்றோடு சமநிலையில் உள்ள நீரில் 25 டிகிரியில் சுமார் 0.26 மில்லிமோலார் ஆக்சிஜன் கரைந்திருக்கும். உங்கள் வினையூக்கி 0.1 மில்லிமோலார்தான். அதாவது வினையூக்கியைவிட இரண்டரை மடங்கு ஆக்சிஜன் உள்ளே காத்திருக்கிறது, தூண்டப்பட்ட ருத்தேனியத்தைத் தணிப்பதும் அதுதான், கார்பன் ரேடிக்கலைப் பிடித்துச் சங்கிலியை அறுப்பதும் அதுதான். செப்டம் மூடி போட்டு, ஊசி வழியாக ஆர்கானை 10–15 நிமிடம் குமிழியிடுங்கள், வெளியேற இன்னொரு ஊசி. பின்னாளில் புரதத்தோடு செய்யும்போது நுரைக்கும், அப்போது பஃபரை மட்டும் குமிழியிட்டுவிட்டுப் புரதத்தைக் கடைசியில் கரைத்து, மேற்பரப்பில் மட்டும் ஆர்கானை ஓட விடுங்கள்.

நான்கு குப்பிகள், ஒவ்வொன்றிலும் 2 மில்லி. ஒன்றில் எல்லாம் உண்டு. இரண்டாவதிலும் எல்லாம் உண்டு, ஆனால் அலுமினியத் தாளில் முழுதாகச் சுற்றி, அதே டப்பாவுக்குள், முதல் குப்பிக்குப் பக்கத்திலேயே; டிராயருக்குள் வைத்தால் வெப்பநிலை வேறாகிவிடும், அது கட்டுப்பாடு ஆகாது. மூன்றாவதில் ருத்தேனியம் இல்லை. நான்காவதில் டி.சி.இ.பி. இல்லை. முதல் குப்பி மட்டும் வேலை செய்து மற்ற மூன்றும் அப்படியே நின்றால்தான் ஒளிவினை நடந்தது என்று தைரியமாகச் சொல்லலாம். மூன்றாவது குப்பியும் கொஞ்சம் நகர்ந்தால் உங்கள் விளக்கில் புற ஊதாவை ஒட்டிய ஒளி கலந்திருக்கிறதா என்று பாருங்கள், பாஸ்பீனும் தயாலும் அந்த ஒளியில் தாமாகவே தொடங்கிக்கொள்ளும்.

0, 5, 15, 30, 60 நிமிடங்களில் 20 மைக்ரோலிட்டர் எடுத்து, உடனே 0.1 சதவீத ஃபார்மிக் அமில நீரில் நீர்த்து, பழுப்புக் குப்பியில் போடுங்கள். ஜன்னலோரம் வெயில் விழும் மேசையில் தெளிந்த குப்பியில் விட்டுவைத்தால் அங்கேயும் ரியாக்‌ஷன் ஓடும்.

மாஸ் பார்ப்பது

மாஸ் ஸ்பெக்ட்ரத்தில் ஒவ்வொன்றும் ஒரு புரோட்டானோடு சேர்ந்து தெரியும். குளுட்டாதயோன் 308.09இல் வரும், கந்தகம் போனால் 276.12. டி.சி.இ.பி. 251, கந்தகத்தை வாங்கிக்கொண்ட டி.சி.இ.பி. 283, இந்த 283 வளர்வதைப் பார்ப்பது எனக்குப் பிடித்த சாட்சி, கந்தகம் எங்கே போனது என்று அது நேராகச் சொல்கிறது. 267 பெரிதாகத் தெரிந்தால் அது டி.சி.இ.பி. ஆக்சைடு, உங்கள் ஆர்கான் சரியாக வேலை செய்யவில்லை என்று பொருள். 613 வந்தால் டைசல்ஃபைடு.

இங்கே ஒரு நுணுக்கம். அலனின் ஆனால் 31.97 குறையும். கந்தகத்தோடு ஹைட்ரஜனும் சேர்ந்து ஹைட்ரஜன் சல்ஃபைடாகக் கழன்றுகொண்டால் 33.99 குறையும், அது டிஹைட்ரோஅலனின், நமக்கு வேண்டாதது. சிறிய பெப்டைடில் இரண்டும் பளிச்சென்று பிரியும். 10 கிலோடால்டன் புரதத்தில், பத்து மின்னூட்டத்தில், வித்தியாசம் 0.2தான், அவசரத்தில் பார்த்தால் "மைனஸ் 32 வந்துவிட்டது" என்று மகிழ்ந்துவிடுவோம். நிதானமாகப் பாருங்கள்.

குளுட்டாதயோன் எச்.பி.எல்.சி. (திரவ நிறப்பிரிகைக் கருவி) கருவியின் சி18 காலமில் (column) நிற்காது, கரைப்பானோடு முன்னாலேயே ஓடிவிடும், ஆகவே எச்.பி.எல்.சி. உச்சியை வைத்து விளைச்சல் கணக்கிட வேண்டாம். என்.எம்.ஆர். எடுக்கலாம்: சிஸ்டீனின் 2.9 பி.பி.எம்.ஐ ஒட்டிய சிக்னல் மறைந்து 1.4ஐ ஒட்டி அலனின் மெத்தில் வரும். ரியாக்‌ஷனையே கனநீரில் ஓட்டிவிடாதீர்கள். தயாலின் ஹைட்ரஜன் டியூட்டீரியமாக மாறி, அது அப்படியே அலனினின் கார்பனில் போய் ஏறிக்கொள்ளும், மாஸ் ஒன்று கூடும், மெத்தில் சிக்னலின் வடிவமும் மாறும். நீரில் ஓட்டி, அளப்பதற்கு மட்டும் பத்து சதவீதம் கனநீர் சேருங்கள்.

அசல் பெப்டைடுக்குப் போவது

குளுட்டாதயோன் இரண்டு முறை ஒரே மாதிரி வந்த பிறகு, ஒரு சிஸ்டீனும் ஒரு டைரோசினும் உள்ள சிறிய பெப்டைடு ஒன்றை எடுங்கள், 280 நானோமீட்டரிலேயே பின்தொடரலாம். அதுவும் சரியாக வந்தால் ஒட்டிய பெரிய துண்டு. அது பெரும்பாலும் புரதத்தை விரித்துக் கரைய வைக்கும் 6 மோலார் குவானிடின் ஹைட்ரோகுளோரைடில் இருக்கும், 50 மில்லிக்கு 28.7 கிராம். செறிவு 1–2 மில்லிமோலார், டி.சி.இ.பி. தாராளமாக, ஹைட்ரஜன் கொடுக்கக் கூடுதல் தயாலாகக் குளுட்டாதயோனையே சேர்க்கலாம்.

பலர் இடறி விழும் இடம் எம்.பி.ஏ.ஏ. (மெர்காப்டோபினைல்அசிட்டிக் அமிலம்). ஒட்டும் வேலைக்கு அது அருமையான அரோமாட்டிக் தயால், ஆனால் இந்த ரியாக்‌ஷனுக்கு எமன்: ஹைட்ரஜனை உடனே கொடுத்துவிட்டு, தான் நிலையான ரேடிக்கலாக உட்கார்ந்து சங்கிலியை நிறுத்திவிடும். ஒட்டிய கலவையில் நேராக ருத்தேனியத்தைப் போட்டு ஒளி அடித்தால் எத்தனை மணி நேரமானாலும் நகராது. இடையில் எச்.பி.எல்.சி.யில் சுத்தம் செய்யுங்கள், அல்லது ஒட்டும்போதே எம்.பி.ஏ.ஏ.க்குப் பதில் ட்ரைஃபுளோரோஎத்தேன்தயால் போடுங்கள், அது ஆவியாகக் கூடியது, ரேடிக்கல் வேலைக்கும் தடையாக இருக்காது.

புரதத்தில் உண்மையாகவே இருக்க வேண்டிய சிஸ்டீன் இருந்தால் அதை முன்கூட்டியே ஏ.சி.எம். என்ற காப்புத் தொகுதியைப் போட்டு மூடிவிட வேண்டும், இல்லையென்றால் அதுவும் அலனினாகிவிடும். மெத்தியோனினில் கந்தகம் இருந்தாலும் அது தயால் இல்லை, பயப்பட வேண்டாம், ஆனால் ஆக்சிஜன் ஏறி மாஸ் 16 கூடியிருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

சுத்தம் செய்யும்போது டிடெக்டரில் 214, 280 இரண்டோடு 450ஐயும் சேர்த்து வையுங்கள். அங்கே எழும் உச்சி ருத்தேனியம், பெப்டைடு அங்கே தெரியவே தெரியாது. இரண்டும் எங்கே ஒன்றன்மேல் ஒன்று வருகிறது என்று உடனே புரியும்.

கழிவில் மிகக் கவனம். தயால் நாற்றத்தைப் போக்க ப்ளீச் ஊற்றும் வழக்கம் எல்லா லேபிலும் உண்டு. குவானிடின் கலந்த கழிவில் ப்ளீச் ஊற்றவே கூடாது, நச்சு வாயு கிளம்பும். குவானிடின் கழிவுக்குத் தனி கேன், மேலே பெரிய எழுத்தில் லேபிள், எல்லாம் ஃப்யூம் ஹுட்டுக்குள்.

அளவைக் கூட்டும்போது

2 மில்லியில் அழகாக வந்தது 200 மில்லி பீக்கரில் வராது, காரணம் பீர்–லாம்பெர்ட் விதிதான்: செறிவும் ஆழமும் கூடக் கூட ஒளி குறையும். 452 நானோமீட்டரில் ருத்தேனியத்தின் மோலார் உறிஞ்சுதிறன் சுமார் 14,600. 0.1 மில்லிமோலாரில் ஒரு சென்டிமீட்டருக்கு 1.46, அதாவது முதல் சென்டிமீட்டரிலேயே 96 சதவீதத்துக்கு மேல் ஒளி தீர்ந்துவிடும், பீக்கரின் நடுப்பகுதி கிட்டத்தட்ட இருட்டு. வேகமாகப் போகட்டும் என்று வினையூக்கியைப் பத்து மடங்கு கூட்டினால் முதல் மில்லிமீட்டரிலேயே ஒளி கிட்டத்தட்டத் தீர்ந்துவிடும், நிலைமை மோசமாகும். இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, அதே சிறு குப்பிகளைப் பலவாக வைத்து, முடிந்ததும் சேர்த்துக்கொள்வது. பெப்டைடு 50 மில்லிகிராமுக்குள் என்றால் நான் இதைத்தான் செய்வேன். இன்னொன்று, 0.8 மில்லிமீட்டர் உள்விட்டமுள்ள எஃப்.இ.பி. என்ற ஒளி புகும் பிளாஸ்டிக் குழாயை விளக்கைச் சுற்றிச் சுருட்டி, சிரிஞ்ச் பம்பில் மெதுவாக ஓட்டுவது. ஒவ்வொரு துளிக்கும் ஒரே அளவு ஒளி கிடைக்கும், எவ்வளவு நேரம் என்பது பம்ப் வேகத்தில் முடிவாகிவிடும். இதில் எதற்கு மாறினாலும் ஃபெர்ரிஆக்சலேட்டை ஒருமுறை புதிதாக ஓட்டி, வந்த எண்ணை ரியாக்‌ஷன் பக்கத்தின் தலைப்பிலேயே எழுதிவிட்டு ஆரம்பியுங்கள்.